படைத்தலைவர் வீட்டு நாய்

முன்னொரு காலத்தில், ஒரு பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை, தலைநகரின் கோட்டைத் தெருவில் விகடகவி கூத்தபிரான் வீட்டைத் தவிர எல்லா வீட்டு வாசலிலும் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய் கட்டியிருந்தது. அன்று பல்லக்கில் அந்த வழியே போன மகாராஜாவுக்குக் குரைப்பில் காது அடைத்துப்போயிற்று. சபையில் உட்கார்ந்ததும் கேட்டார்.

"இவ்வளவு பெரிய நாய்களை எதற்காக வளர்க்கிறார்கள்?"

"வீரனுக்கு வீர நாய்தான் பொருத்தம், மகாராஜா," என்றார் படைத்தலைவர் செண்பகராயர். தெருவிலேயே பெரிய நாய் அவருடையது. அவருக்கு எதிர்வீட்டுக்காரரான மந்திரியும் தலையாட்டினார்.

கூத்தபிரானுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பயந்தவர்கள் வளர்க்கிறார்கள், மகாராஜா. எவ்வளவு பயமோ அவ்வளவு பெரிய நாய்."

சொன்ன பிறகுதான் சிம்மாசனத்தின் பக்கத்தில் படுத்திருந்த அரண்மனை நாய் அவன் கண்ணில் பட்டது. ராஜ்ஜியத்தில் அதைவிடப் பெரிய நாய் கிடையாது.

செண்பகராயர் விடுவாரா? "தங்களைப் பயந்தாங்கொள்ளி என்கிறான், மகாராஜா! இவன் அவ்வளவு தைரியசாலியா? என் நாயின் சங்கிலியை அவிழ்த்ததும் என் வீட்டு வாசலைத் தாண்டிக் காட்டட்டும்!"

மகாராஜாவின் முகம் கறுத்திருந்தது. "அப்படியே ஆகட்டும். நாளைக் காலை சங்கிலி அவிழும். நீ உள்ளே போக வேண்டும். மறுத்தால் இந்த நாட்டில் உனக்கு இடமில்லை."

அந்த நாய் ஒரு காளையின் தொடையைக் கவ்விச் சாய்த்ததைக் கூத்தபிரான் பார்த்திருக்கிறான். ஆனால் செண்பகராயர் தினமும் பின்வாசல் வழியாகவே சபைக்குப் புறப்படுவதும் அதே தெருக்காரனான அவனுக்குத் தெரியும். கைகூப்பினான்.

"உத்தரவு. சங்கிலியை அவிழ்ப்பவர் யார், மகாராஜா?"

"இது என்ன கேள்வி? நாய்க்கு உடையவர்தான்."

மறுநாள் மகாராஜாவோடு பாதி ஊரே அந்த வாசலில் கூடியது. கூத்தபிரான் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு நின்றான்.

"அவிழுங்கள், ராயரே. அவிழ்ந்ததும் நான் உள்ளே."

செண்பகராயர் ஓரடி வைத்தார். நாய் பல்லைக் காட்டியது. வைத்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, தீனி வைக்கும் வேலைக்காரியைக் கூப்பிட்டார். "காத்தாயி! வந்து அவிழ்த்துவிடு."

"உடையவர் அவிழ்க்க வேண்டும் என்பது அரச கட்டளை," என்றான் கூத்தபிரான். "இவள்தான் உடையவள் என்றால் சொல்லிவிடுங்கள், அவளே அவிழ்க்கட்டும்."

"அய்யோ சாமி, நாய் எசமானோடதுதாங்க," என்றாள் காத்தாயி. "ஆனா எசமான் அது கிட்ட வந்து நான் பாத்ததில்லீங்க."

கூட்டம் சிரித்தது. மகாராஜாவின் மீசை துடித்தது. "பிறகு எதற்கய்யா இதை வாங்கினீர்?"

செண்பகராயர் தரையைப் பார்த்தார். "எதிர்வீட்டில் மந்திரியார் ஒன்று வாங்கினார், மகாராஜா."

"மந்திரியாரே, நீர்?"

"படைத்தலைவருக்கு எதிரே குடியிருக்கிறேன், மகாராஜா. எனக்கும் ஒரு துணை வேண்டாமா?"

சிரிக்கத் தொடங்கிய மகாராஜா சட்டென்று நிறுத்தினார். "அப்படியானால் என் நாய்?"

கூத்தபிரான் குனிந்து வணங்கினான். "அதன் சங்கிலியை யார் அவிழ்ப்பது என்று நான் கேட்கவே இல்லையே, மகாராஜா."

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் மோதிரத்தைக் கழற்றிக் கூத்தபிரானுக்குக் கொடுத்தார். அவர் உத்தரவுப்படி படைத்தலைவரின் நாய் காத்தாயி வீட்டுக்குப் போனது. சித்திரையில் செண்பகராயர் வேறு நாய் வாங்கினார். அது முந்தையதைவிடப் பெரியது.