அஞ்சு இட்லி இனாம்

வடக்குத் தெரு வாட்ஸப் குழுவுக்குக் கனகசபாபதிதான் ராஜா. தெற்குத் தெரு ஆட்கள் குடிதண்ணீர்த் தொட்டியில் விஷம் கொட்டுகிறார்கள் என்று எழுதி, ஒருநாள் யாரோ தொட்டிக்குள் வெள்ளைப் பொடி கொட்டும் வீடியோ ஒன்றை அனுப்பினார். மறுநாள் அங்கே கூடையில் இட்லி விற்க வந்த தெற்குத் தெரு சிலம்பாயியிடம் ஒருத்தரும் இட்லி வாங்கவில்லை.

"ஐயா, அது பொய்யுங்க" என்றாள் கனகசபாபதியிடம்.

"அப்போ நாளைக் காலைக்குள்ள நிரூபி. இல்லேன்னா கூடையைத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வராதே."

கொட்டவில்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? சிலம்பாயி வீட்டுக்குப் போனாள். அழுகிற குரலில் ஓர் ஆடியோ பேசி அவருக்கே அனுப்பினாள். "வடக்குத் தெருவுல நடந்த அநியாயத்தைக் கேளுங்க மக்களே" என்று அது தொடங்கியது. அவர் கண்மூடித் திறப்பதற்குள் அதை ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்.

காலையில் தெருவே கூடியிருக்க, சிலம்பாயி கேட்டாள். "என்ன அநியாயம்னு சொன்னேனுங்கய்யா?"

அவர் அவசரமாகப் போனை எடுத்துத் தேடினார். யாரோ ஆடியோவை ஓடவிட்டார்கள். "...என் இட்லி விக்கலைங்க, அதான் அநியாயம். இதுவரைக்கும் கேட்டவங்க வந்து சொன்னா அஞ்சு இட்லி இனாம்."

அப்படி வந்து சொன்னவர் ஒருத்தரும் இல்லை.

"அந்த வீடியோவையாச்சும் கடைசிவரைக்கும் பாத்தீங்களா?"

அப்போதுதான் பார்த்தார். கடைசியில் நகராட்சி வண்டியும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் தெரிந்தன. அவர் முகம் தொங்கிப்போனது.

"பேரப்பிள்ளைங்க குடிக்கிற தண்ணியாச்சேன்னு பதறிட்டேம்மா."

"புள்ளைங்கன்னா எனக்கும் பதறத்தானுங்கய்யா செய்யும்."

அவர் மெல்லத் தட்டை நீட்டினார். "அஞ்சு இட்லி வை."

வைத்தாள். "முழுசாக் கேட்டவங்களுக்குத்தான் இனாம். நீங்க காசு குடுத்துருங்க."