குரலுக்கு முன்னால் போன படம்

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனை. அதன் மாடிப்படிக்குக் கீழே சிறிய அறை. உள்ளே மூன்று நெட்வொர்க் சுவிட்ச் பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. கட்டடத்திலுள்ள கணினி, தொலைபேசி எல்லாவற்றின் கம்பிகளும் அங்கேதான் வந்து சேரும். பின்பக்கம் ஒரு கம்பி மூன்றையும் பிணைத்திருந்ததால் அவை ஒரே பெட்டிபோல நடந்துகொள்ளும். ஒன்றுக்கு இட்ட கட்டளை மூன்றுக்கும். வெளியுலகுக்குப் போக மூன்றுக்கும் ஒரே வழி.

அந்த வழியில் யார் முன்னே, யார் பின்னே என்று வரிசை வகுத்தவர், அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் முகைதீன். தொலைபேசிப் பேச்சை முதல் வரிசையில் வைத்திருந்தார்.

"குரலுக்கு நூலளவு எடம் போதும். ஆனா நிக்க வச்சா செத்துப்போகும். ஸ்கேன் படம் ரோட்டையே அடைச்சிக்கிட்டுப் போகும், ஆனா சித்த நேரம் நின்னாலும் முழுசாப் போய்ச் சேந்துரும்" என்பார்.

ஒரு நாள் ஸ்கேன் பிரிவின் டாக்டர் பொன்மணி அவரைக் கூப்பிட்டார்.

"எங்க படத்த முதல்ல அனுப்புங்க."

"அது பேச்சு போற வரிசை மேடம்."

"பேச்சு பெரிசா, உயிர் பெரிசா, முகைதீன்?"

முகைதீன் தலையாட்டிவிட்டு வந்தார். படங்களை முதல் வரிசைக்கு ஏற்றி, பேச்சை அடுத்ததற்கு இறக்கினார்.

மறுவாரம் ஒரு முற்பகல். தீவிர சிகிச்சைப் பிரிவில் சண்முகவேல் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். தொண்டையில் குழாய் இறக்கவேண்டும். இறக்கினால் பேச முடியாது. மஸ்கட்டில் இருக்கும் மகள் கோமு, அவர் விரும்பாத ஒருவரை மணந்துகொண்டவள். அன்றுமுதல் அவர் அவளோடு பேசியதே இல்லை. இப்போது அவராகவே, "அவளக் கூப்பிடு தாயி" என்றார்.

உள்ளே செல்போனுக்கு சிக்னல் கிடையாது. நர்ஸ் ஜெயமேரி வார்டு போனில் அழைத்து, அவர் வாயருகே பிடித்தாள். அதே வேளையில் கீழே, சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவரின் தலை ஸ்கேன், மதுரையிலிருக்கும் நிபுணருக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா... ஒண்ணும் கேக்கலப்பா... திருப்பிச் சொல்லுங்கப்பா..."

ஜெயமேரி பக்கத்து மேசைப் போனில் முகைதீனை அழைத்தாள். கட்டடத்துக்குள் என்பதால் அது தெளிவாகவே கேட்டது.

"யண்ணே, ஒங்க பெட்டி என்ன தூங்குதா? பேச்சு துண்டு துண்டாப் போகுது. டாக்டர் குழாயக் கையில வச்சிக்கிட்டு நிக்காரு!"

முகைதீன் திரையைப் பார்த்தார். படம் பாதி போயிருந்தது. வரிசையை மாற்ற விரல் நீண்டது. யாரோ ஒருவரின் தலை. கைவைத்து ஏதாவது ஆகிவிட்டால்?

"கொஞ்சம் பொறும்மா, படம் போயிரட்டும்."

படம் போய்ச் சேர்வதற்குள் சண்முகவேலின் உதடு நீலம் பாய்ந்தது. "குழாயப் போடுங்க சார்" என்று ஜெயமேரியே போனை எடுத்துக்கொண்டு விலகினாள். கொத்தனார் பிழைத்தார். சண்முகவேல் மறுநாள் போய்விட்டார்.

படத்தை முன்னே விடச் சொன்னது நான் என்று டாக்டர் பொன்மணி வருந்தினார். காக்கவைத்தது நான் என்று முகைதீன். விலகியது நான் என்று ஜெயமேரி.

சொல்லுங்கள், மூவரில் யார் செய்தது தவறு?

விடை: மூச்சைக் காக்கவைக்க முடியாது, ஜெயமேரி விலகியது சரி. தன் நோயாளிக்காகக் கேட்பது டாக்டரின் கடமை; பெட்டிகளின் குணம் அவர் அறியாதது. தவறு முகைதீனுடையது. அது முந்தைய வாரமே நடந்துவிட்டது, தெரிந்த பதிலைச் சொல்லாமல் தலையாட்டியபோது. வரிசை வகுப்பவர் பார்க்கவேண்டியது யாரால் நிற்க முடியாது என்பதை. யார் பெரியவர் என்பதை அல்ல. பேச்சை முன்னே விட்டிருந்தால் படம் கண்ணிமைக்கும் நேரம்தான் தாமதித்திருக்கும். கொத்தனார் அப்போதும் பிழைத்திருப்பார்.

கோமு வந்தபோது ஜெயமேரி, தான் கேட்டதைச் சொன்னாள்: "மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாட்டீ, நா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்னாரு."

கோமு அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு, "அவரு சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுங்கக்கா" என்றாள்.

ஜெயமேரி வாயைத் திறந்தாள். சொல் வந்தது, அவர் குரல் வரவில்லை.