அம்பயர் எங்கே பார்க்கிறார்?

சதாசிவம் பள்ளி விளையாட்டு ஆசிரியர், அதுவரை கபடி மட்டுமே சொல்லிக் கொடுத்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கு மாற்றலானார். அங்கே கபடி அணி இல்லை. சாப்ட்பால் அணி இருந்தது.

அந்த அணியைப் பழக்கியவர் ஜெசிந்தா டீச்சர். சதாசிவத்தைவிட வயதில் மிகவும் இளையவர். சதாசிவம் நேராகப் போய், தனக்கு இந்த ஆட்டம் தெரியாது என்றும், கூட இருந்து கற்றுக்கொள்ள விரும்புவதாகவும் சொன்னார்.

ஜெசிந்தா ஒரு நாற்காலியை மைதானத்தின் ஓரத்தில் போடச் சொன்னார். "பாருங்க சார். கேள்வி வரும்போது கேளுங்க."

மாவட்டப் போட்டி வரைக்கும் அவருக்குக் கேள்வி எதுவும் வரவில்லை. ஆட்டத்தின் கணக்கு எளிதாகவே இருந்தது. பிட்சர் கையைச் சுழற்றிப் பந்தை வீசுகிறாள். அது தரையில் பதித்த தகடான பிளேட்டுக்கு மேலே, பேட்டரின் அக்குளுக்கும் முழங்காலுக்கும் இடையில் வந்தும் அடிபடாமல் போனால் ஸ்ட்ரைக். அதைவிட்டு விலகிப் போனதை பேட்டர் அடிக்காமல் விட்டால் 'பால்'. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். நான்கு 'பால்' ஆனால், அடிக்காமலே முதல் பேஸ் என்ற கட்டத்துக்கு நடந்து போகலாம்; மூன்று பேஸையும் கடந்து பிளேட்டுக்குத் திரும்பி வந்தால் ஒரு ரன். எது ஸ்ட்ரைக், எது 'பால்' என்று சொல்கிறவர் பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கும் பின்னால் நிற்கும் அம்பயர்.

அரையிறுதியில் அந்த அம்பயரால்தான் வினை வந்தது.

கணுக்கால் உயரத்தில் வந்த பந்தை ஒரு தடவை 'பால்' என்றார். அதே உயரத்தில் அடுத்து வந்ததை ஸ்ட்ரைக் என்றார். அணியின் நல்ல பேட்டர் இசக்கியம்மாள். அவள் தாழ வந்த ஒரு பந்தை அடிக்காமல் விட்டாள். மூன்றாவது ஸ்ட்ரைக் என்று கை உயர்ந்தது. அவள் அங்கேயே நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நாளைக்குத் தன் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்றாள்.

எப்படியோ அன்று ஜெயித்துவிட்டார்கள். மறுநாள் இறுதி ஆட்டம். ஜெயித்தால் மாநிலப் போட்டி. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதுதான் பள்ளியில் கடைசி வருடம். இறுதி ஆட்டத்துக்கும் அதே அம்பயர்தான் என்று பள்ளிக்குத் திரும்பும் வேனில் தெரிந்தது.

சதாசிவத்துக்குக் கோபம் அடங்கவில்லை. போட்டி நடத்துகிறவர்களிடம் புகார் கொடுக்கலாம் என்றார். ஜெசிந்தா அது தன் வேலை என்றும், ஆட்டம் முடிந்ததுமே பேசிவிட்டதாகவும், வேறு ஆள் இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

அப்போதுதான் சதாசிவம் கேட்டார். "ஸ்ட்ரைக்குக்கான கோடே நகர்ந்துகிட்டு இருந்தா, பிள்ளைகளுக்கு என்னத்த சொல்லிக் குடுக்க டீச்சர்?"

ஜெசிந்தா பள்ளிக்கு வந்து சேர்ந்ததும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாமல் மைதானத்தில் நிறுத்தினார். வெயில் தணிந்திருந்தது. அம்பயர் போடும் முகமூடி ஒன்றை எடுத்துச் சதாசிவத்திடம் கொடுத்தார்.

"நீங்க நின்னு சொல்லுங்க சார்."

சதாசிவம் மகிழ்ச்சியோடு வாங்கி மாட்டிக்கொண்டார். சரியான தீர்ப்பு எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்றிருந்தது.

இசக்கி பேட்டை எடுக்க மாட்டேன் என்று ஒதுங்கி நின்றாள். ஜெசிந்தா வற்புறுத்தவில்லை. பக்கவாட்டில் நிற்கச் சொன்னார். "பந்தைப் பாக்க வேண்டாம். சார் எங்க பாக்காருன்னு மட்டும் பாரு."

முதல் பந்து வந்தது. நாற்காலியிலிருந்து பார்த்தபோது இருந்த வேகம் இல்லை இது. கேட்சர் ஷாகிராவின் தலை ஒரு நொடி மறைத்தது. கையுறையில் பந்து விழுந்த சத்தம் கேட்டது. மனம் முடிவு செய்வதற்குள் அவர் வாய் "ஸ்ட்ரைக்" என்றது.

அடுத்தது 'பால்'. அதற்கடுத்ததும். ஒரு பந்துக்கு ஸ்ட்ரைக் சொன்னபோது பேட்டராக நின்றவள் கீழே குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டாள். யாரோ சிரித்தார்கள். சதாசிவம் இன்னும் கவனமாகப் பார்த்தார். கவனிக்கக் கவனிக்கக் குழப்பம்தான் கூடியது.

சிறிது நேரம் கழித்து இசக்கி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. தாழ வாற பந்தை நீங்க பாக்கல. ஷாகிரா கையுறையைத்தான் பாக்கீங்க. பந்தைப் பிடிச்சுட்டு அவ கையை மேல தூக்கினா ஸ்ட்ரைக்குன்னு சொல்லுதீங்க."

அவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

"முதல்ல அப்படி இல்ல சார். நல்லா குனிஞ்சு நின்னப்போ பந்தைத்தான் பாத்தீங்க. இப்போ நிமிந்துட்டீங்க."

அவருக்கு முழங்கால் வலித்துக்கொண்டிருந்தது. எப்போது நிமிர்ந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மற்றவர்களும் சுற்றி வந்துவிட்டார்கள். வெளிப்பக்கம் போகும் பந்து சாருக்குச் சரியாகத் தெரிவதில்லை என்றாள் ஒருத்தி. பேட்டர் பின்வாங்கினால் உடனே 'பால்' சொல்லிவிடுகிறார் என்றாள் இன்னொருத்தி. அது உண்மையா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பேச்சு வந்தது. இசக்கி பேட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இறுதி ஆட்டத்தில் பிள்ளைகள் வேறு மாதிரி இருந்தார்கள். முதலில் ஆடப் போனவள் தனக்கு வாகாக வந்த முதல் பந்தைக்கூட அடிக்காமல் விட்டு, அம்பயரைக் கடைக்கண்ணால் பார்த்தாள். அவுட்டாகி வந்தவள் உட்காரவில்லை. அடுத்துப் போகிறவளிடம் காதோடு ஏதோ சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தாள். எதிரணி ஆடும்போதும், ஒவ்வொரு பந்துக்கும் பிறகு எல்லாருடைய கண்ணும் அந்த மனிதர் மேலேயே இருந்தது.

அவர் கனத்த உடம்புக்காரர். தொடக்கத்தில் நன்றாகக் குனிந்து நின்றார். வெயில் ஏற ஏற நிமிரத் தொடங்கினார். நிமிர்ந்த பிறகு தாழ வந்த பந்துகளுக்கு அவர் கை ஒரு நேரம் உயர்ந்தது, ஒரு நேரம் உயரவில்லை.

இடையில் ஒருத்தி மிகவும் விலகிப் போன ஒரு பந்தை அவர் ஸ்ட்ரைக் என்றதால் அவுட் ஆனாள். திரும்பி வந்து, "இது நாங்க கண்டுபிடிச்ச எதுலயும் சேரல டீச்சர்" என்றாள்.

"சரி. அதையும் மத்தவங்ககிட்டச் சொல்லு" என்றார் ஜெசிந்தா.

கடைசி இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கியிருந்தார்கள். இரண்டு பேர் அவுட். மூன்று பேஸிலும் ஆள் நின்றது. இசக்கி உள்ளே போனாள்.

மூன்று 'பால்', இரண்டு ஸ்ட்ரைக் என்று வந்து நின்றது. இன்னொரு 'பால்' வந்தால் அவள் நடந்து போவாள், எல்லாரும் ஒரு பேஸ் நகர மூன்றாவது பேஸில் நிற்பவள் உள்ளே வருவாள், ஆட்டம் சமனாகும். இன்னொரு ஸ்ட்ரைக் என்றால் மூன்றாவது அவுட், எல்லாம் முடிந்தது.

பந்து தாழ வந்தது. முழங்காலுக்கும் கீழே. பக்கவாட்டில் நின்ற சதாசிவத்துக்கு அது தெளிவாகத் தெரிந்தது. விடு என்று மனதுக்குள் சொன்னார்.

இசக்கி அடித்தாள்.

பந்து இரண்டாவது பேஸைத் தாண்டித் தரையோடு ஓடியது. ஒருத்தி உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி புழுதியில் சறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஜெயித்துவிட்டார்கள்.

பிள்ளைகள் இசக்கியின் மேல் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். சதாசிவத்துக்கு அந்தக் கடைசிப் பந்தே மனதில் நின்றது. அம்பயர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். சதாசிவம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சண்டைக்குப் போகவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

கடைசிப் பந்தை அந்தப் பிள்ளை அடிக்காமல் விட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டார்.

அம்பயர், பந்து வந்த வழியை மனதில் ஓட்டிப் பார்க்கிறவர் போலப் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல சார்" என்றார். "நிசமாவே தெரியல."

சதாசிவம் திரும்பி வந்தார். ஜெசிந்தா பேட்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அம்பயர் சொன்னதை அவரிடம் சொன்னார்.

"அவருக்கே தெரியாதுன்னா, ஸ்ட்ரைக் சொல்லுவாருன்னு இசக்கிக்கு மட்டும் எப்படி டீச்சர் தெரிஞ்சுது?"

ஜெசிந்தா பையின் வாயை இழுத்துக் கட்டினார்.

"அவளுக்கும் தெரியாது சார். அதான் அடிச்சா."