மருவுக்கு மரியாதை

முன்னொரு காலத்தில், பிரெஞ்சு தேசத்து ஆண்கள் பெண்களைவிடப் பெரிய பொய்முடி வைத்துக்கொண்டு திரிந்த நாளில், ஒரு ராஜா இருந்தார். அந்தப் பொய்முடிகள் லேசுப்பட்டவை அல்ல. உள்ளே குருவி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பேரப்பிள்ளை எடுத்துவிட்டுப் போனாலும் தலைக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாது.

ராஜாவின் மூக்கு நுனியில் ஒரு மரு. பட்டாணி அளவு. அதன் நடுவில் கொடிமரம் மாதிரி ஒற்றை மயிர். ஆனால் அரண்மனையில் தொங்கிய படங்களில் எல்லாம் அந்த மூக்கு உரித்த முட்டையாக வழவழவென்று இருக்கும். அதை அல்லிமொட்டு என்று பாடிப் பாடியே அரசவைக் கவிஞர் தொந்தி வளர்த்திருந்தார்.

ஒருநாள் காலை ராஜாவுக்குக் கிறுக்குப் பிடித்தது.

“இந்தப் படங்களில் ஒன்றுகூட நான் இல்லை. என் முகத்தை உள்ளபடியே வரைய இந்த நாட்டில் ஆளே கிடையாதா?”

விகடன் கொக்லே சலங்கைத் தொப்பியை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தான். “இருக்கிறாள் மகாராஜா. ஒதில் என்று பெயர். அவள் வரைந்த பூனையைக் கண்டு எலிகள் தெருவையே காலி செய்துவிட்டன.”

ஒதில் கொக்லேயின் சிநேகிதி. வந்தாள், பார்த்தாள், வரைந்தாள். படத்தைச் சபையில் திறந்தார்கள். மரு இருந்தது. மயிரும் இருந்தது. ராஜா தம் மூக்கைத் தொட்டார். படத்தின் மூக்கைப் பார்த்தார். பிறகு, “இது நானா?” என்று மெல்லக் கேட்டார்.

வெர்னியாக் பிரபு துள்ளி எழுந்தார். தாம் நாள் முழுக்க நிற்க, ஒரு கோமாளி ராஜாவின் காலடியில் உட்கார்ந்திருக்கிறானே என்று பல காலமாக வெந்துகொண்டிருந்தவர் அவர்.

“கண்ணைப் பொத்திக்கொள்ள வேண்டும், அரசே! இது யாரோ வெங்காய வியாபாரியின் முகம். தங்கள் சாயல் துளியும் இல்லை!”

“துளியும் இல்லை!” என்று சபை மொத்தமும் மார்பில் கை வைத்துச் சத்தியம் செய்தது. கவிஞர் இரண்டு கைகளையும் வைத்தார்.

ராஜாவின் முகம் வாடியது. “அப்படியானால் இவள் என்னைக் கேலி செய்திருக்கிறாள். நாளை மதியம் இவள் தூரிகைகளை ஒடித்து, நகரத்தைவிட்டு அனுப்புங்கள்.”

“மகாராஜா, இவர்கள் பொய் சொல்கிறார்கள்!” என்றான் கொக்லே.

“அப்படியா? இவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், இது நான்தான் என்று ஒப்புக்கொள்ளட்டும். இவளை விட்டுவிடுகிறேன்.”

“ஆனால் இந்த வாயாடி அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது, அரசே,” என்றார் வெர்னியாக். “தோற்றால் இவனும் அவளோடு வண்டி ஏறட்டும்.”

“சரி,” என்றார் ராஜா.

வாசலில் ஒதில் அவனைப் பிடித்துக்கொண்டாள். “மருவை விட்டுட்டு வரைஞ்சிருக்கலாம்ல நான்? இப்ப உனக்கும் சேர்த்து வேட்டு. பேசாம இருக்கிறதா? தூக்கத்திலகூட நீ வாய மூடினதில்லையே, கொக்லே!”

கொக்லே உதட்டைப் பூட்டுவதுபோல் கை காட்டிவிட்டு, இல்லாத சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

இங்கே அந்த அரண்மனையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ராஜாவின் படமும் ராஜாதான். அதன் எதிரில் தொப்பி போடக்கூடாது, அதற்கு முதுகு காட்டக்கூடாது, காட்டினால் ராஜத்துரோகம். ராஜாவைக் குளிர வைப்பதற்காக இந்தச் சட்டத்தைப் போடச் சொன்னவரே வெர்னியாக்தான். அன்று முதல் அரண்மனையில் பாதிப் பேர் பின்னால் நடந்தே காலம் தள்ளினார்கள்.

மறுநாள் மதியம். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே பிரபுக்கள் பசியோடு காத்திருந்தார்கள். அவர்கள் வயிறு போட்ட சத்தத்தில் அண்டை நாடு போர் என்று நினைத்துப் படை திரட்டியதாகக்கூடக் கேள்வி. கொக்லே வந்தான். ராஜாவைச் சைகையால் அழைத்து, யார் கண்ணிலும் படாமல் திரைக்குப் பின்னால் நிறுத்தினான். அங்கே சுவரில் தொங்கிய ராஜாவின் பழைய படத்தைக் கழற்றிவிட்டு, ஒதிலின் படத்தை அதே ஆணியில் மாட்டினான். அப்புறம் எதிர்ச் சுவரில் இருந்த சாப்பாட்டுக் கூடத்தின் கதவைத் திறந்துவிட்டான். வறுத்த வாத்தின் வாசனை மிதந்து வந்தது.

ஒருவரும் திரும்பவில்லை.

திரும்பினால் படத்துக்கு முதுகு. பின்னால் நடந்தால், படத்தில் இருப்பது ராஜாதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். “வெர்னியாக் திரும்பட்டும், ராஜாவிடம் போட்டுக்கொடுக்கலாம்” என்று கவிஞர் காத்திருந்தார். “கவிஞன் திரும்பட்டும்” என்று வெர்னியாக் காத்திருந்தார். மரு எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தது. வாத்து ஆறிக்கொண்டிருந்தது.

கடைசியில் பசி ஜெயித்தது. வெர்னியாக் கையிலிருந்த தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டார். படத்தை இடுப்பு ஒடியக் கும்பிட்டார். கும்பிட்டபடியே பின்னால் நடந்தார். அவர் பின்னால் சபையே நடந்தது. வாசற்படி தடுக்க, அத்தனை பிரபுக்களும் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தார்கள். வெர்னியாக் போய் உட்கார்ந்த இடம் சூப்புப் பாத்திரம்.

திரை விலகியது. “வெர்னியாக், யாருக்கு இவ்வளவு மரியாதை? வெங்காய வியாபாரிக்கா?”

ஆம் என்றால், ராஜமரியாதையை வியாபாரிக்குக் கொடுத்த துரோகம். இல்லை என்றால், நேற்றுச் செய்தது பொய்ச் சத்தியம். பிரபு சூப்பில் ஊறியபடி யோசித்தார். சூப்பு சுட்டது.

“அரசே… அந்த மரு… தங்களுடையதுதான்!”

ராஜா சிரித்தார். வயிறு குலுங்க, பொய்முடி நழுவ, மருவில் நின்ற மயிர் நாட்டியமாடச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சின்ன வயதில் என் அம்மா இந்த மருவில்தான் முத்தம் கொடுப்பாள். படத்தைத் திறந்ததும் எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. இது நானில்லை என்று இத்தனை பேர் சொன்னதும் நானே நம்பிவிட்டேனே!” என்றார்.

ஒதில் அன்றே அரண்மனை ஓவியர் ஆனாள். கொக்லேக்குப் பட்டு மெத்தை போட்ட ஆசனம் ஒன்று பரிசாகக் கிடைத்தது. பூட்டிய வாயைத் திறந்தவன், சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் மாலைவரை கொட்டித் தீர்த்தான்.

பேச்சு ஓய்ந்து கொக்லேயும் ஒதிலும் வெளியே வந்தபோது, ராஜா படத்தின் முன் நின்று, தம் தொப்பியைக் கழற்றி, பின்பக்கமாகவே நடந்து வந்தார்.

“மகாராஜா, தாங்களுமா?” என்றான் கொக்லே.

“உஸ்! வெர்னியாக் எங்கிருந்தாவது பார்த்துக்கொண்டிருப்பான்,” என்றார் ராஜா.