மை தடவாத ஏடுகள்

முன்னொரு காலத்தில் வெண்கரை நாட்டைத் தீர்த்தவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் யானை வேண்டும் என்பான், மத்தியானம் அதை ஓட்டிவிடு என்பான். அப்படியொரு மனுஷன்!

அந்த நாட்டில் யார் பாட்டு, கதை எழுதினாலும் ஏட்டுக்கட்டை ஆஸ்தானப் புலவர் அம்பலச்சுடரிடம் கொடுக்கணும். அவர் முத்திரை வைத்தால்தான் அரண்மனை எழுத்தர்கள் நூறு படி எடுத்து ஊரூராக அனுப்புவார்கள். இல்லாவிட்டால் கட்டு எழுதியவர் வீட்டுப் பரணில் தூங்க வேண்டியதுதான்.

காரிநங்கைக்கு வயது பத்தொன்பது. பாட்டும் குட்டிக் கதைகளுமாக ஆறு கட்டு கொடுத்தாள். ஆறும் திரும்பி வந்தன. "குற்றம் மலிந்தது" என்று ஒரே பதில். அழுதாள்தான், பொய் சொல்வானேன்? ஆனால் ஆறாவது கட்டைப் பார்த்தால், அவள் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. "ஓகோ, அப்படியா சங்கதி!" அழுகை போய்க் கோபம் வந்தது.

ஏழாவது கட்டோடு நேரே சபைக்கே போனாள்.

ராஜா முகத்தைச் சுளித்தான். "மறுபடியுமா? இதுவும் திரும்பினால் நீ இனி எழுத்தாணியைத் தொடக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம் அரசே. புலவர் தீர்ப்பை இந்தச் சபையிலேயே சொல்லட்டும்."

எட்டாம் நாள் அம்பலச்சுடர் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வரிக்கு வரி படித்தேன் அரசே! ஒன்பதாம் ஏட்டில் சந்தம் நொண்டுகிறது. கதைகளோ, ஐயோ, உப்புச்சப்பில்லை!"

"கட்டைப் பிரித்துப் பாருங்கள் அரசே" என்றாள் காரிநங்கை.

ராஜா பிரித்தான். புரட்டினான். கண்ணைக் கசக்கினான். "என்னம்மா இது, வெற்று ஓலையா?"

"எழுதிய ஓலைதான் அரசே. எழுத்தாணியால் கீறினதோடு விட்டுவிட்டேன். கரியை எண்ணெயில் குழைத்துத் தடவினால்தானே எழுத்து தெரியும்? வரிக்கு வரி படித்தவர் அதை எப்படிப் படித்தார் என்று கேளுங்கள்."

சபையே சிரித்தது. புலவர் விடுவாரா? "என் கண் கூரிய கண்! மையில்லாமலே தெரிந்தது."

"அப்படியா? ஒன்பதாம் ஏட்டை வாசியும்" என்று நீட்டினான் ராஜா.

புலவர் ஓலையை வெளிச்சத்தில் சாய்த்தார், மூக்கோடு ஒட்டினார். கடைசியில் "மன்னிக்கணும் அரசே, நான் பிரிக்கவே இல்லை" என்றார்.

ராஜாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கொண்டு வா கரியை! உம் கையாலேயே தடவி, அத்தனை ஏட்டையும் இங்கேயே உரக்கப் படியும்!" காரிநங்கையிடம் திரும்பி, "கேட்பானேன்? உனக்கு முத்திரை இப்போதே!" என்றான்.

"வேண்டாம் அரசே. படிக்காமல் தள்ளியதும் தப்பு, படிக்காமல் ஏற்பதும் தப்பு. முதலில் கேளுங்கள்."

கையெல்லாம் கரியாக அம்பலச்சுடர் படித்தார். மூன்றாம் பாட்டை, யாரும் கேட்காமலே இன்னொரு தரம் படித்தார். ஐந்தாவது கதையில், தன்னை மறந்து சிரித்தே விட்டார். சபையும் சிரித்தது. ராஜா முத்திரையை எடுத்தான்.

அப்போது புலவர் தயங்கினார். "அம்மா, தப்பாக நினைக்காதே. இருபதாம் ஏட்டில் இந்த ஒரு வரி கொஞ்சம் இடறுகிறதே?"

காரிநங்கை எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்தது. "ஆமாம் ஐயா, இடறத்தான் செய்கிறது! ஏழு கட்டில் இன்றைக்குத்தான் ஒருவர் என்னைப் படித்திருக்கிறார்" என்று சொல்லி, இடுப்பிலிருந்த எழுத்தாணியை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து அந்த வரியைத் திருத்தினாள்.