எட்டாம் வகுப்பு சி பிரிவும் நான் வரைந்த காவிரியும்

நான் கூடக்குறையச் சொல்ற ஆளு இல்லைங்க. இருபத்தாறு வருஷமா சமூக அறிவியல் நடத்துறேன். நடந்ததை நடந்தபடி சொல்லியே பழக்கமாயிப் போச்சு. அதனாலதான் பி.எட். படிக்கிற பிள்ளைங்க நாலு பேரு எங்க ஸ்கூலுக்குப் பயிற்சிக்கு வந்தன்னிக்கு, ‘ஆசிரியப் பணி – ஓர் அறிமுகம்’னு அரை மணி நேரம் பேசச் சொல்லி ஹெட்மாஸ்டர் என்னையக் கூப்பிட்டாரு. ஸ்டாஃப் ரூமுல வேற யாரும் சும்மா இல்லைங்கிறதும் ஒரு காரணம். கணக்கு டீச்சர் மங்கையர்க்கரசி இருந்தாங்க, ஆனா அவங்க பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தாங்க.

நாலு பேருல ரோஸ்லின்னு ஒரு பொண்ணு. இன்டர்வல் முடிஞ்சதும் எட்டாம் வகுப்பு சி பிரிவுக்குப் போகணும். வாழ்க்கையிலேயே அதுதான் அதுக்கு முதல் வகுப்பு. சி பிரிவு அடங்காத வகுப்புன்னு எவனோ ஸ்கூல் கேட்டுலயே சொல்லித் தொலைச்சிருக்கான். “எனக்கு இந்த வேலை ஒத்துவராது சார், பஸ் ஏறி வீட்டுக்கே போயிடறேன்”னு கண்ணைத் துடைச்சுக்கிச்சு. எனக்குப் பாவமாயிடுச்சு. அது போயிட்டா சி பிரிவுக்கு என்னையத்தான் தள்ளிவிடுவாங்க, அந்தக் கவலையும் சேர்ந்துக்கிச்சு. எப்பாடு பட்டாவது இந்தப் பொண்ணை வகுப்புக்குள்ள அனுப்பிடணும்னு முடிவு பண்ணேன்.

குரல்ல ஆரம்பிச்சேன். முதல் நாள் நானும் நடுங்கினவன்தாம்மா. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, ‘உக்காருங்கடா’ன்னு ஒரே ஒரு சத்தம். எங்க வகுப்பு உட்கார்ந்துச்சு. பக்கத்து வகுப்பும் உட்கார்ந்துச்சு. வராண்டாவுல நடந்து வந்த ஹெட்மாஸ்டர் அங்கனயே சப்பணம் போட்டுட்டாரு. ரோட்டுல போன பேராவூரணி பஸ்ஸுல நின்னுக்கிட்டு வந்த நாப்பது பேரும் உட்கார்ந்துட்டாங்க. சீட்டே இல்லாம எப்படி உட்கார்ந்தாங்கன்னு கண்டக்டருக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

அந்த வருஷம் இந்தப் பக்கம் பஸ்ஸே ஓடலையேன்னு மங்கையர்க்கரசி டீச்சர் தலையை நிமித்தாமலே கேட்டாங்க. அது வழி தவறி வந்த பஸ்ஸுன்னு சொல்லிட்டு மேல போனேன்.

அப்புறம் சாக்பீஸ். கடைசி பெஞ்சுல தூங்கினவனைப் பார்த்து ஒண்ணு விட்டேன். படுபாவி குனிஞ்சுட்டான். சாக்பீஸ் ஜன்னல் வழியாப் போயி, காம்பவுண்டு சுவத்துல உரசிக்கிட்டே போனதுல, பானிப்பட்டுப் போர் மூணையும் வருஷத்தோட எழுதிட்டுப் போயிருச்சு. ஒரு வருஷம் மட்டும் தப்பு. அது சாக்பீஸ் பண்ண தப்பு, நான் பொறுப்பில்ல.

பயிற்சிக்கு வந்த மத்த மூணு பேரும் சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ரோஸ்லின் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துச்சு. சரி, காவிரியை இறக்கிட வேண்டியதுதான்னு நினைச்சேன்.

ஒருநாள் போர்டுல காவிரி வரைஞ்சேன். மேட்டூர் வரைக்கும் சாதாரணமாத்தான் இருந்துச்சு. கல்லணை தாண்டினதும் போர்டு ஈரமாயிருச்சு. முன் பெஞ்சுல கணுக்கால் அளவு தண்ணி. நம்ம ஊரு ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடை இல்லையா, தண்ணின்னு கேள்விப்பட்டதும் பன்னிரண்டு சம்சாரிங்க மண்வெட்டியோட வகுப்புக்குள்ள வந்துட்டாங்க. ஆளுக்கு ஒரு பீரியடுன்னு முறை வச்சுத் திறந்துவிட்டேன். அந்த வருஷம் கிரவுண்டுலயே குறுவை அறுத்தோம். டஸ்டரால அழிச்சிருக்கலாமேன்னாங்க டீச்சர். அழிச்சா வறட்சி வந்துராதான்னு கேட்டேன். அவங்க அடுத்த பேப்பரை எடுத்தாங்க.

இப்பத்தான் ரோஸ்லின் ஒரு நோட்டை எடுத்து மளமளன்னு எழுத ஆரம்பிச்சுச்சு. நம்ம பேச்சை ஒருத்தர் குறிப்பெடுத்தா நமக்கு நிறுத்தவா தோணும்? என் பிள்ளைங்க பொதுத்தேர்வுல கேள்வித்தாள் குடுக்கிறதுக்கு முன்னாடியே விடையை எழுதி முடிச்சதைச் சொன்னேன். அந்த விடைகளைப் பார்த்துத்தான் மேலிடத்துல கேள்வியே தயார் பண்ணாங்க. அதுலயும் ரெண்டு கேள்வி தப்பு. பிள்ளைங்கதான் திருத்திக் குடுத்தாங்க.

கடைசியா விஷயத்துக்கு வந்தேன். “அந்த சி பிரிவு இருக்கே, அதுங்க தங்கமான பிள்ளைங்கம்மா. நான் உள்ள போனா மூச்சு விடுற சத்தம் கேக்காது. சுவத்துல இருக்கிற பல்லிகூடக் கைகட்டி நிக்கும்.”

மங்கையர்க்கரசி டீச்சர் அப்பத்தான் சிவப்புப் பேனாவைக் கீழ வச்சாங்க.

“காவிரி வந்ததைக்கூட நம்பிட்டேன் சார், இதை நம்ப முடியல”ன்னாங்க.

பெல் அடிச்சிருச்சு. ரோஸ்லின் எழுந்து வந்து நோட்டை நீட்டுச்சு. பயிற்சிக்கு வர்றவங்க ஒரு பழைய வாத்தியார் நடத்துறதைப் பார்த்து, நிறை குறை எழுதி, அவர்கிட்டயே கையெழுத்து வாங்கணும். அதுக்கு அப்சர்வேஷன்னு பேரு. என் அரை மணி நேரத்தை அந்தப் பொண்ணு அப்படியே அப்சர்வேஷனா எழுதியிருந்துச்சு. பெருமை தாங்கல எனக்கு. டீச்சரும் கேக்கட்டும், சத்தமாப் படிம்மான்னேன்.

“நிறை: குரல் நன்று. யாரும் தூங்கவில்லை. குறை: ஆசிரியர் மட்டுமே பேசினார். மாணவர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.”

நான் பேனாவைப் பிடிச்சபடி நின்னேன்.

“கையெழுத்துப் போடுங்க சார், நேரமாச்சு. நான் போயி சி பிரிவுல கேள்வி கேட்டுப் பார்க்கிறேன்”னுச்சு ரோஸ்லின்.