யானை போட்ட ஓலை

முன்னொரு காலத்தில், சும்மா இருக்கத் தெரியாத அரசர் ஒருவர் இருந்தார். ஒருநாள் அவருக்கு ஊர்ப் பெரிய ஏரியைத் தூர்த்துத் தேர்ப்பந்தயத் திடல் அமைக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் கரையில் அவருடைய பாட்டனார் நட்ட சட்டக்கல் நின்றது. இந்த நீரைக் குடிப்பவர் அனைவரும் குடத்தில் ஓலை இட்டுச் சம்மதித்தால்தான் ஏரியைத் தூர்க்கலாம் என்றது கல்.

அமைச்சர் காரிமாறனுக்கு அரண்மனை விகடகவி கூத்தனைக் கண்டாலே ஆகாது. ஓலை வாங்கும் பொறுப்பை அவன் தலையில் கட்டினார். நீர் குடிக்கும் ஒருவர் விடுபட்டாலும் கூத்தன் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று அரசரும் ஆணையிட்டார். அமைச்சரோ வீட்டுக்கு வீடு வேலேந்திய சேவகர்களை நிறுத்தினார். பாவம் ஜனங்கள், ‘சம்மதம்’ என்றே எழுதினார்கள். குடத்தைச் சுமந்து வந்த கூத்தன் ஏரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவன் நீச்சல் பழகிய ஏரி அது.

மறுநாள் சபையில் குடத்தை வைத்தான். பின்னாலேயே பட்டத்து யானையும் வந்தது.

“இது எதற்கு?” என்றார் அரசர்.

“நீர் குடிக்கும் ஒருவரும் விடுபடலாகாது என்பது தங்கள் ஆணை, பிரபு. அந்த ஏரியில் இவர் அளவுக்குக் குடிப்பவர் யாரும் இல்லை.”

சபை சிரித்தது. அமைச்சர் ஏளனமாக ஓர் ஓலையை நீட்டினார். யானை அதைத் தின்றது. ருசி பிடித்துப்போகவே, குடத்தைக் கவிழ்த்து எல்லா ஓலைகளையும் தின்று தீர்த்தது. அன்று காலை அதற்குக் கவளம் கிடைக்கவில்லை என்பது கூத்தனுக்கும் பாகனுக்கும் மட்டுமே தெரியும்.

அமைச்சர் கொதித்தார். மறுபடி வாங்க வேண்டியதுதான் என்று பணிவாகச் சொன்ன கூத்தன், முதல் ஓலையை அரசரிடமே நீட்டினான்.

“நானா?”

“அரண்மனைக் கிணற்றில் ஊறுவதும் ஏரித் தண்ணீர்தானே, பிரபு. தங்களை விட்டால் நான் நாடு கடக்க வேண்டும். தங்கள் பக்கத்தில் வேலோடு யாரும் நிற்கவில்லை. மனத்தில் பட்டதை எழுதலாம்.”

அரசர் எழுத்தாணியை எடுத்தார். கடுங்கோடை, தொண்டை வறண்டது. தண்ணீர் வரவழைத்து ஒரு செம்பு முழுக்கக் குடித்தார். காலிச் செம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ‘வேண்டாம்’ என்று எழுதிக் குடத்தில் போட்டார். சட்டப்படி அந்த ஒற்றை ஓலை போதும். ஏரி பிழைத்தது.

தன் ஆசையைத் தானே தோற்கடித்ததை நினைத்து அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். இனி ஓலை போடும் இடத்தில் வேல் நிற்கக் கூடாது என்று கல்லில் ஒரு வரி சேர்க்கச் சொன்னான் கூத்தன். தேர்ப்பந்தயமும் நடக்கட்டும் என்றான், ஏரி வண்டலை அள்ளி வயலில் கொட்டும் பந்தயமாக.

பந்தயம் ஜாம் ஜாம் என்று நடந்தது. அமைச்சரின் தேர் கடைசியாக வந்தது. அவர் சேறும் சகதியுமாகக் கரையில் இறங்கியபோது, பட்டத்து யானை துதிக்கை நிறைய ஏரி நீரை எடுத்து அவரைக் குளிப்பாட்டிவிட்டது. முதலில் சிரித்தவர் அரசர்தான்.